போணிக்கு முப்பத்தெட்டு ரூபாய்

மட்டாஞ்சேரி,
22-10-1978

அன்புள்ள மாப்பிள்ளை ராமருக்கு, தங்கையா எழுதுவது.

நானும் என் வீட்டாரும் சுகம். பள்ளுருத்தியில் என் தங்கை மாயம்மாளும் உம் மகளும் சுகம். உம் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. பம்பாயில் ஒரே அறையில் பதினேழு பேரோடு முறை வைத்துப் பாயில் படுக்கிற மனுஷரிடம் போய்ச் சுகமா என்று கேட்டால் அது கேலி மாதிரி இருக்கும்.

உம்முடைய கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர். அதில் மூன்றரைப் பக்கம் ஷார்ஜா புராணம். போர்டு எழுதுகிறவனுக்கு அங்கே என்ன சம்பளம், ரூமில் எப்படிக் குளிர்காற்று வரும், சோற்றுக்குக் காசே கேட்க மாட்டார்கள் என்பதெல்லாம். இன்னும் கப்பல் முகத்தையே பார்க்கவில்லை, அதற்குள் அங்கே குடியேறிவிட்டீர். கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம் வருகிறது. நவம்பர் முப்பதாம் தேதிக்குள் ஏஜெண்டுக்கு மூவாயிரம் ரூபாய் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உம் இடத்தில் வேறு ஆளை ஏற்றி அனுப்பிவிடுவான். வெங்கிடராமன் முதலாளி உமக்குத் தர வேண்டிய மூவாயிரத்து நூற்றைம்பதை நான் வாங்கி அனுப்ப வேண்டும். வாங்க முடியாவிட்டால் என் கையிலிருந்து கடனாகத் தர வேண்டும்.

கடன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் தபால் செலவு மிச்சம். பணம் இல்லாமல் சொல்லவில்லை. பெட்டியில் இருக்கிறது, பாங்கிலும் இருக்கிறது. உம்முடைய பணம் பஜார் ரோட்டில் ஒருத்தர் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, என் பணத்தை எதற்காக எழுப்ப வேண்டும்? நான் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? வெங்கிடராமனின் கடன் உம்முடைய கடனாக மாறிவிடும். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார். நீர் என் முகத்தைப் பார்க்கக் கூசுவீர். மாயம்மாள் என் வீட்டுக்கு வந்தால் உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவாள். மூவாயிரம் ரூபாய் கொடுத்து இத்தனை சங்கடத்தை விலைக்கு வாங்க நான் தயாரில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. இரண்டு வருஷமாக அந்த மனுஷரின் சரக்குக் கிட்டங்கியில் குனிந்து நின்று மிளகு மூட்டைக்கும் சுக்கு மூட்டைக்கும் மார்க் போட்டிருக்கிறீர். தகரத்தில் எழுத்து வெட்டியது நீர். மை கலந்தது நீர். அவர் கடைப் பெயர், துறைமுகத்தின் பெயர், மூட்டை நம்பர் எல்லாம் உம் பிரஷ் பட்ட பிறகுதான் அந்த மூட்டை கப்பலுக்கே போகும். கப்பலில் ஏறிய மூட்டைக்கு அவருக்கு அன்றைக்கே பணம். உமக்கு மட்டும் ‘பார்க்கலாம்’. நீரும் கையைத் துடைத்துக்கொண்டு, ‘சௌகரியப்படும்போது கொடுங்கள் முதலாளி’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறீர். பணம் கொடுப்பது யாருக்கய்யா சௌகரியம்? எனக்குத் தெரிந்து பணம் கொடுக்கச் சௌகரியப்பட்டவன் ஒருத்தன்கூட மட்டாஞ்சேரியில் இல்லை.

என்னையே எடுத்துக்கொள்ளும். நானும் இழுத்தடிக்கிறவன்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் சாக்குக் கடைக்குச் சணல் கயிறு போடுகிற இடப்பள்ளிக்காரர் இருக்கிறாரே, அவர் வந்தால் கடை வாசலில் நட்டநடுவில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். வருகிற வாடிக்கைக்காரர் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அவருக்கு நான் முதலில் கொடுத்து அனுப்பிவிடுவேன். கோணி ஊசியும் நூலும் போடுகிற இன்னொருவர் தங்கமான மனுஷர். ‘தங்கையாண்ணே, ஒண்ணும் அவசரமில்ல’ என்பார். அவசரம் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு எனக்கென்ன அவசரம்? ஓணத்துக்குக் கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கவில்லை. நீர் அந்த ஊசிக்காரரின் ஜாதி. என் கடை போர்டை எழுதி மூன்று வருஷமாகிறது, அதற்கும் நீர் இதுவரை வாய் திறக்கவில்லை. நீர் திறக்கிற வரைக்கும் நானும் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

நேற்று வெங்கிடராமனைப் போய்ப் பார்த்தேன். உம் பெயரைச் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ‘ராமரா! நம்ம பையனாச்சே! அவன் காசு எங்க போகும்? எங்கிட்ட இருந்தா பாங்கில கெடக்கற மாதிரி’ என்றார். ‘பாங்கில கெடந்தா வட்டி தருவான் முதலாளி’ என்றேன். பலமாகச் சிரித்தார். சாயா வரவழைத்தார். இரண்டு வருஷப் பணத்துக்கு ஒரு சாயா. அதிலும் சர்க்கரை கம்மி. தீபாவளிக்கு முன்னால் பைசல் பண்ணிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். ‘நம்ம ஊர்க்காரன்’, ‘நம்ம பையன்’ என்று ஒருத்தர் சொன்னால் அதற்கு அர்த்தம் ‘உனக்குக் கடைசியில்தான்’ என்பது. இதை நீர் இரண்டு வருஷமாகத் தெரிந்துகொள்ளாமல் அந்த வார்த்தையில் குளிர்ந்துபோய் இருந்திருக்கிறீர்.

சரி, இப்போது நீர் செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘எனக்கு வர வேண்டிய மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாயை என் மைத்துனர் தங்கையாவிடம் கொடுக்கவும். அவரிடம் கொடுத்தால் எனக்குக் கொடுத்த மாதிரி’ என்று ஒரு தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பும். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். குசலம் விசாரிக்க வேண்டாம். பிள்ளைகளைக் கேட்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. வேலை செய்தவர் நீர், உமக்கு இரண்டு வருஷமாகப் பணம் வரவில்லை. அந்த ஏஜெண்ட் உமக்காக இதுவரை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை, அவனுக்கு முன்பணம். இந்த நியாயம் எந்த ஊரில் படித்தது என்று ஓய்வாக இருக்கும்போது யோசித்துப் பாரும். அங்கே உமக்கு ஓய்வுக்குக் குறைவில்லை.

இப்படிக்கு,
சி. தங்கையா


மட்டாஞ்சேரி,
7-11-1978

மாப்பிள்ளை ராமருக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. சாக்கெல்லாம் காய்ந்தது. தீபாவளி போயிற்று. உம் மகளுக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்தேன். அதை உம் கணக்கில் எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

நீர் அனுப்பிய தாள் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று அத்தனை தெளிவாக எழுதினேன். நீர் எல்லாம் சரியாக எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துக்கு மேலே ‘தங்கள் சௌகரியம்போல் கொடுத்தால் போதும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர். அந்தக் கை சும்மா இருக்காதா? கடன் கொடுத்தவர் நீர், கடன்பட்டவர் மாதிரிக் கும்பிடு போடுகிறீர். தாளைத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் ஒரு வாரம் போகும். அதனால் கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டி எறிந்துவிட்டேன். தாளில் இப்போது ஓட்டை இருக்கிறது. இருக்கட்டும், தொகையும் கையெழுத்தும் பத்திரமாக இருக்கின்றன.

வெங்கிடராமன் விஷயம் கேளும். தீபாவளிக்கு முன்னால் என்றாரே, முதல் நாள் போனேன். ‘பண்டிகைச் செலவு கழுத்தை நெரிக்குது தங்கையா, தீபாவளி கழியட்டும்’ என்றார். கழிந்தது. போனேன். செவ்வாய்க்கிழமை, காசு வெளியே போகக் கூடாதாம். புதன்கிழமை போனேன், பாங்குக்குப் போயிருக்கிறார். வியாழக்கிழமை உள்ளேதான் இருந்தார், ஆனால் காலையில் நான் போனபோது இன்னும் முதல் வியாபாரம் ஆகவில்லை, போணி ஆகும் முன் பணம் கொடுத்தால் லக்ஷ்மி போய்விடுவாளாம். போணி ஆன பிறகு போனேன், சாப்பிடப் போய்விட்டார். சாப்பிட்டால் தூக்கம். தூங்கி எழுந்தால் விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்கிறவன் உண்டா? வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அந்த மனுஷரின் பெட்டிக்குப் பணம் உள்ளே வர நாள் முழுக்க வாசல் திறந்திருக்கிறது, வெளியே போகத்தான் நாளும் நட்சத்திரமும் குறுக்கே நிற்கின்றன. இத்தனை சாஸ்திரமும் லக்ஷ்மி கடாக்ஷத்துக்காக என்றால், உம் வீட்டு லக்ஷ்மியைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதற்கிடையில் உம் மனைவி எனக்குச் சொல்லாமல் அவருடைய வீட்டுக்கே போய்விட்டாள். பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. வீட்டுக்கார அம்மாள் உட்காரவைத்து, ‘காசு விஷயமெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க, நமக்கெதுக்கு?’ என்று சொல்லி, உடுத்திப் பழசான சேலை ஒன்றும் ஒரு சீப்பு ஏத்தம்பழமும் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ‘வாங்கிட்டா வந்தே?’ என்று கேட்டேன். மாயம்மாள் சொன்னாள்: ‘பழத்த எடுத்துக்கிட்டேன் அண்ணே, புள்ளைக்கு. சேலைய அவங்க வாசப்படியிலேயே மடிச்சு வச்சிட்டு வந்துட்டேன். அவங்களுக்கே பழசு பத்தாம இருக்கும்போல.’ எங்கள் வீட்டுப் பெண். உமக்குக் கொடுத்ததில் எனக்கு இப்போதும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தாளோடு வைத்த கடிதத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர். வக்கீலுக்கு யார் கொடுப்பது? கேஸ் முடிகிறபோது உம் மகளுக்குக் கல்யாண வயதாகிவிடும். எழுத்து எதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் நடக்கிற இந்த பஜாரில் கோர்ட்டுக்குப் போகிறவனைப் பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

சாயா குடித்துக்கொண்டே அவர் கடையை நாலைந்து நாள் கவனித்தேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிடி இருக்கும், அது எங்கே என்று பார்ப்பதுதான் நம் வேலை. இவருக்குப் பிடி போணியில் இருக்கிறது. இங்குள்ள சேட்டன்மார் அதைக் கைநீட்டம் என்பார்கள். கடை திறந்து முதலில் வருகிற ஆளிடம் ‘சரக்கு இல்லை’ என்று சொல்ல மாட்டார். விலையில் அடம்பிடிக்க மாட்டார். முதலில் நிறுத்துக் கொடுத்த சரக்கை வண்டியிலிருந்து திரும்ப இறக்க மாட்டார், இறக்கினால் அந்த மாதம் முழுக்கச் சரக்கு தேங்கும் என்பது அவர் நம்பிக்கை. மாதம் பிறக்கிற ஒண்ணாம் தேதி என்றால் பயம் பத்து மடங்கு. எனக்கும் இந்த நம்பிக்கை உண்டு, அதனால்தான் அதன் பலம் எனக்குத் தெரிகிறது.

விருச்சிகம் ஒண்ணாம் தேதி, நம் கார்த்திகை ஒண்ணு, அவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். வருஷாவருஷம் போடுவார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, யாரையும் நோகப் பேசக் கூடாது. நான் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன். இதற்கு மேல் இப்போது சொல்ல மாட்டேன். உமக்குச் சொன்னால் நீர் அவருக்கே ஒரு கார்டு போட்டு மன்னிப்புக் கேட்டாலும் கேட்பீர்.

ஏஜெண்டிடம் விசா தாளைக் கண்ணால் பார்த்தீரா என்று இடையில் ஒரு கார்டில் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. ‘நல்ல மாதிரியான ஆள், வெள்ளை பேண்ட் போட்டிருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர். பேண்டில் விசா ஒட்டியிருக்கிறதா?

இப்படிக்கு,
சி. தங்கையா


மட்டாஞ்சேரி,
20-11-1978

மாப்பிள்ளை ராமருக்கு,

பணம் வந்துவிட்டது. இதை முதலில் எழுதாவிட்டால் நீர் மற்ற எதையும் வாசிக்க மாட்டீர். இனி நிதானமாக வாசியும்.

விருச்சிகம் ஒண்ணாம் தேதி விடிந்ததும் வெங்கிடராமன் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டியும் சந்தனமுமாகக் கடைக்கு வந்தார். தராசுக்குச் சூடம் காட்டி முடித்துத் திரும்பினால் நான் நிற்கிறேன். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறோடு. பிச்சை என்று ஒரு சுமட்டுக்காரன், பள்ளுருத்தியில் உம் தெருவுக்குப் பக்கத்துத் தெரு, அவனையும் கைவண்டியோடு கூட்டிப் போயிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. போணி நேரத்தில் கடன் கேட்க வந்துவிட்டேன் என்று நினைத்தார். நான் கையைக் கூப்பி, ‘சாமி சரணம். மூணு மூட்டை மிளகு வேணும். இன்னைக்கு உங்க கைநீட்டம் நான்தான்’ என்றேன். சுருங்கிய முகம் எப்படி விரிந்தது என்று நீர் பார்த்திருக்க வேண்டும். ‘வா சாமி, வா! தங்கையா சாமி கைராசிக்காரரல்லவா!’ என்றார். பத்து நாளாக என்னைக் கண்டால் பாங்குக்கு ஓடிய மனுஷர் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நிறுத்தார்கள். நான் விலை பேசவில்லை, அன்றைய விலைக்கே சரி என்றேன். மூவாயிரத்து நூற்று எண்பத்தெட்டு ரூபாய் ஆயிற்று. பிச்சை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கயிறும் போட்டுவிட்டான். அதன் பிறகுதான் மடியிலிருந்து முப்பத்தெட்டு ரூபாயை எடுத்து, வெற்றிலைமேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

மாப்பிள்ளை, முப்பது வருஷப் பழக்கம் என்பது யோசித்து நடப்பதில்லை. அந்த மனுஷரின் கை தானாக வந்தது. வாங்கினார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், ‘சுவாமியே’ என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டார். போட்ட பிறகுதான் எண்ணவில்லையே என்று ஞாபகம் வந்தது. ‘மீதி?’ என்றார்.

உம்முடைய தாளை எடுத்து வைத்தேன். ஓட்டைத் தாள்தான். ‘மீதி உங்ககிட்டயே இருக்கு சாமி. ரெண்டு வருஷமா பாங்கில கெடக்கற மாதிரிக் கெடக்கு. ராமர் கணக்குக்கு மூவாயிரத்து நூத்தைம்பது, என் கையிலேர்ந்து முப்பத்தெட்டு. கணக்கு தீந்துது’ என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். மாலை ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார். மறுபடி திறந்து, ‘இது நியாயமா சாமி?’ என்று மெதுவாகக் கேட்டார். ‘ராமருக்கு நீங்க தர வேண்டியது இல்லைன்னு மாலையைத் தொட்டுச் சொல்லுங்க, இப்பவே இறக்கிடறேன்’ என்றேன். சொல்லவில்லை. அதுவரைக்கும் அவரை மதிக்கலாம். வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார், நிறுத்து என்பது போல. பிச்சை இருக்கிறானே, நான் சொல்லிக் கொடுக்காமலே பேசினான்: ‘கைநீட்டச் சரக்கு தாழ எறக்கான் பாடில்ல சாமீ, எறக்கப்படாது. ஒண்ணாந்தேதியாக்கும். இனி எறக்கணும்னா எறக்குகூலி வேற தரணும், யூனியன் ரேட்டு.’ கடை வாசலில் அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் சிரித்தார். வெங்கிடராமன் பெட்டியை ஒருமுறை பார்த்தார், வண்டியை ஒருமுறை பார்த்தார். பெட்டிக்குள் போன போணியைத் திருப்பி எடுத்துக் கொடுக்க அவர் கைக்கு வரவில்லை. ‘கொண்டு போ சாமி’ என்றார். உம் கணக்கு தீர்ந்தது என்று அவர் நோட்டில் எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

இனிமேல் என் கடையில் சாக்கு வாங்க மாட்டேன் என்று மறுநாள் ஆள் அனுப்பிச் சொன்னார். வருஷத்துக்கு நாலாயிரம் சாக்கு வாங்கிக்கொண்டிருந்தவர். ரொக்கத்துக்கு வாங்குகிற முதலாளி, ஏனென்றால் அவருக்கு நான் கடன் கொடுத்ததில்லை. போகட்டும். கோபத்தில் வேறு எங்காவது வாங்கிக் கிழிசல் சாக்கோடு அவஸ்தைப்படட்டும்.

மிளகை அன்றைக்கே முகமது இஸ்மாயிலிடம் போட்டேன். உமக்குத் தெரிந்தவர்தான், நீர் அவருடைய கிட்டங்கிக் கதவில் பெயர் எழுதியிருக்கிறீர். அவரும் வழக்கம்போல, ‘காசு நாளைக்கு வாங்கிக்கலாமா?’ என்றார். ‘வாங்கிக்கலாம், மிளகும் நாளைக்கே வரும்’ என்று வண்டியைத் திருப்பினேன். உடனே பெட்டி திறந்தது. மூவாயிரத்து நூற்று அறுபது கொடுத்தார். வாங்கிய விலையைவிடக் குறைவு, அவசரத்துக்கு விற்றால் அப்படித்தான். அதில் என் முப்பத்தெட்டைக் கழித்தேன். வண்டிக்கும் பிச்சைக்கும் இருபத்திரண்டு. உமக்கு நிற்பது மூவாயிரத்து நூறு. உம் பணத்தில் வந்த நஷ்டத்தை என் தலையில் போட்டுக்கொள்ள மாட்டேன். வெங்கிடராமன் கடையில் குடித்த சாயாக்களுக்கு ஒன்றும் கழிக்கவில்லை, அது அவர் செலவு.

பள்ளுருத்திக்குப் போய் மாயம்மாளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ‘அப்ப உங்க கடை போர்டு எழுதின காசு அண்ணே?’ என்றாள். கூசவில்லை, தலையைக் குனியவில்லை, சௌகரியம்போல் என்று சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நூற்று நாற்பது எண்ணி அந்தக் கையில் வைத்தேன். உம் வீட்டில் ஒருத்திக்காவது தொழில் தெரிந்துவிட்டது. அவள் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்து இதையும் அனுப்பச் சொன்னாள். ஆக மூவாயிரத்து இருநூற்று நாற்பதுக்கு இன்று பாங்கில் டிராப்ட் எடுத்து இதோடு ரிஜிஸ்தரில் வைத்திருக்கிறேன். உம் பெயருக்குத்தான் எடுத்திருக்கிறேன். ஏஜெண்ட் பெயருக்கு எடுக்கச் சொல்லியிருந்தீர். மாட்டேன்.

இனி ஒரே ஒரு காரியம். இந்தப் பணத்தை எண்ணி அவன் கையில் வைப்பதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேளும்: ‘என் பாஸ்போர்ட்டை விசா அடித்து என் கையில் கொடு, அந்த நிமிஷம் பணம் உன் கையில்.’ அவன் சரி என்று எடுத்து நீட்டினால், நீர் தாராளமாகப் போய் வாரும். நான் தடுக்கவில்லை. போகிற இடத்தில் முருகன் உமக்குத் துணை இருக்கட்டும், அங்கேயும் வேலைக்கு முந்திக் கூலியைப் பேசும். ஆனால் அவன், ‘நாளைக்கு’ என்று சொன்னால், ‘நீ நம்ம பையனாச்சே’ என்று தோளில் கை போட்டால், ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால், அந்தப் பேச்சை நீர் இரண்டு வருஷம் கேட்டவர். உமக்கு அதை நான் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறையில் இருக்கிற மற்றப் பதினேழு பேரும் எந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாரும்.

இஸ்மாயில் உம்மைக் கேட்டார். தை மாதச் சரக்குக்கு மார்க் போட ஆள் இல்லையாம். வைட்டிலாவிலிருந்து ஒருத்தன் வந்து போட்டுப் பார்த்தான், எழுத்தெல்லாம் மையில் மிதக்கிறது. கூலி அன்றன்றைக்கே என்று என் முன்னால் சொன்னார். வெங்கிடராமன் கதை பஜார் முழுக்கப் பரவிவிட்டது, அந்தப் பயத்தில் சொல்கிறாரோ என்னவோ. எனக்கு அதில் அக்கறையில்லை, தகவலுக்கு எழுதுகிறேன்.

மாயம்மாளிடம் உமக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் எழுத வேண்டாம் என்றாள். பிறகு நான் செருப்பைப் போடும்போது, ‘பிள்ளைக்குப் பல் முளைச்சிருக்குன்னு மட்டும் எழுதுங்க’ என்றாள். முளைத்திருக்கிறது. கீழே இரண்டு. நானும் பார்த்தேன், என் விரலைக் கடித்தாள்.

போகும்போது உம்முடைய பிரஷ்களை என் கடையில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போனீரே, அவை கெட்டியாகிவிடக் கூடாது என்று மண்ணெண்ணெயில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே மாற்றுகிறேன், கடைப் பையன்களை நம்ப முடியாது. மண்ணெண்ணெய் ரேஷனில் எவ்வளவு கிடைக்கும் என்பது உமக்குத் தெரியும். இன்னும் எத்தனை ஞாயிறு மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதும்.

உம் மைத்துனன்,
சி. தங்கையா